பாப்பரின் வயிற்றையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பாஸ், புளூகில் மீன்களுக்கான பாப்பர், அதாவது தண்ணீர்மேல் மிதந்து சத்தம் எழுப்பும் செயற்கைத் தூண்டில் இரை, செய்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கனமான லைனை வீசி இலேசான செயற்கை இரையை எறியும் ஃபிளை தூண்டிலுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியிருப்பதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த அரைப்பக்கத்தில் முக்கால்வாசி சாயத்துக்கும் கண் வரைவதற்கும் செதில் போடுவதற்கும் போய்விட்டது. தூண்டில் முள்ளைத் தக்கையில் பொருத்துவதற்கு ஒரே ஒரு வரிதான், பசை வைத்து ஒட்டிவிட்டால் போதும் என்கிற மாதிரி. கூடவே போட்டிருந்த படங்கள் எல்லாமே மேலிருந்து எடுத்தவை. மேலிருந்து பார்க்கப்போவது நாம்தான், மீன் இல்லை. சக்கரம் மாட்டாத வண்டிக்குப் பளபளவென்று சாயம் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முள்ளிலிருந்து தொடங்குகிறேன். சாதாரண நேர்த்தண்டு முள்ளில் தக்கையை ஒட்டினால், சில மீன் கடித்து இழுத்ததும் பசை விட்டுப்போய் உடம்பு தண்டைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கும். அப்புறம் வயிறு மேலே வரும், முகம் பக்கவாட்டில் திரும்பும், நீங்கள் வரைந்த அழகான கண் தண்ணீருக்குள் போய்விடும். இதைத் தடுக்கத்தான் தண்டின் நடுவில் கூன் விழுந்த மாதிரி வளைத்த முட்கள் வருகின்றன. மஸ்டாட் நிறுவனத்தின் 33903 இந்த வகையில் பலரும் அறிந்த எண். அது கிடைக்கவில்லை என்றால் நேர்த்தண்டிலேயே நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் இன்னொரு தடவை இடைவெளி விட்டுக் குறுக்குமறுக்காகச் சுற்றுங்கள். பசை பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பான இடம் கிடைத்துவிடும். வழவழப்பான உலோகத்தில் எந்தப் பசையும் ரொம்ப நாள் நிற்காது.

அடுத்தது தக்கையில் பள்ளம் போடுவது. வயிற்றுப்பக்கம் நீளவாக்கில் ஆக்ஸா பிளேடால் ஒரு கோடு அறுத்தால் போதும், ஆழமாகப் போகவே கூடாது. பலபேர் தக்கையின் நடு மையம்வரை அறுத்து முள்ளை அங்கே புதைத்துவிடுகிறார்கள். பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் தண்டுக்கும் முனைக்கும் இடையில் இருக்கும் இடைவெளியில் பாதியைத் தக்கை அடைத்துக்கொள்கிறது. மீன் வாயை மூடும்போது முனை எங்கேயும் குத்தாமல் தக்கையோடு சேர்ந்து வழுக்கி வெளியே வந்துவிடும். மீன் அடித்தது, ஆனால் மாட்டவில்லை என்று புலம்புகிறவர்களின் பாப்பரைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். தண்டு வயிற்றுத் தோலை ஒட்டியே போக வேண்டும், தக்கையின் பெரும்பகுதி தண்டுக்கு மேலே நிற்க வேண்டும், முனை உடம்பைவிட்டுத் தாராளமாக விலகியிருக்க வேண்டும். இப்படி வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. முள்ளின் எடை கீழே, மிதக்கும் பொருள் மேலே என்று ஆகிவிடுவதால் எறிந்த பாப்பர் எப்படி விழுந்தாலும் தானாகவே நிமிர்ந்து உட்காரும்.

ஒட்டுவதற்கு இரண்டு பாகமாக வரும் எப்பாக்சியைத்தான் நான் சொல்வேன். சூப்பர் க்ளூ வேகமாகப் பிடிக்கும், ஆனால் உடையக்கூடியது, பள்ளத்தின் இடைவெளியையும் நிரப்பாது. எப்பாக்சியைப் பள்ளத்துக்குள் நிரப்பி, முள்ளை அழுத்தி, வழிந்ததைத் துடைத்து, ஒரு இரவு விட்டுவிடுங்கள். காய்ந்தபிறகு தக்கையின் இயற்கையான ஓட்டைகளையும் பள்ளத்தின் கோட்டையும் பட்டி வைத்து அடைக்க வேண்டும். மரவேலைக்கு விற்கும் பட்டி போதும். தேய்க்கும்போது உதிர்ந்த தக்கைத் தூளைப் பசையில் குழைத்து அடைப்பவர்களும் உண்டு, அதுவும் நன்றாகவே பிடிக்கும். அப்புறம் உப்புத்தாள், முதலில் 220, கடைசியில் 400. இந்த இடத்தில் சோம்பல் பட்டால் மேலே எத்தனை பூச்சு போட்டாலும் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், தக்கைத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்லை.

தக்கை பாப்பரைப் பற்றிப் பேசினால் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் இருந்த எர்னெஸ்ட் பெக்கின்பாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்கை உடம்பு வைத்த, ‘பாஸ் பூச்சி’ என்னும் செயற்கை இரைகளைச் செய்து விற்றுப் பரவலாக்கியவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவருக்கும் வெகுகாலம் முன்னால், ஃபுளோரிடா பக்கம் சுற்றிய வில்லியம் பார்ட்ரம் 1791-இல் அச்சான தன் பயணக் குறிப்பில் இதே குடும்பத்துச் சாமான் ஒன்றை விவரிக்கிறார். மூன்று பெரிய முட்களை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, மான்வாலின் வெள்ளை முடி, சிவப்புத் துணிக் கிழிசல், பல நிற இறகுகள் எல்லாம் சுற்றி, கிட்டத்தட்ட ஒரு கைமுட்டி அளவுக்குக் குஞ்சம். நீளமான கம்பின் நுனியில் குட்டையான கயிற்றில் அதைக் கட்டி, படகில் சத்தமில்லாமல் போய், செடி ஓரங்களில் தண்ணீருக்குச் சற்று மேலே ஆட்டுவார்கள், இடையிடையே தண்ணீரைத் தொடவிடுவார்கள். அந்தக் குஞ்சத்துக்குக் கண்ணும் இல்லை, செதிலும் இல்லை. பாஸ் தாவி வந்து அடித்தது.

சரி, இப்போது முகம். பாப்பரின் உயிர் இருப்பது அங்கேதான். உள்பக்கமாகக் குழிந்த முகத்தை வெடுக்கென்று இழுத்தால் அது தண்ணீரை முன்னால் தள்ளி, கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுத்து, ‘பளக்’ என்று ஒரு சத்தமும் குமிழிகளும் எழுப்புகிறது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும், நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர். அதோடு மீனின் உடம்பில் பக்கவாட்டில் ஓடும் புலன்கோடு பக்கத்தில் நடக்கும் தண்ணீர் அசைவுகளை உணர்கிறது. அதனால் மீன் உங்கள் பாப்பரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஏதோ ஒன்று மேலே தத்தளிக்கிறது என்று தெரிந்துகொண்டுவிடும்.

குழியை எவ்வளவு ஆழமாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று கட்டுரையில் ஒரு தொனி இருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரொம்ப ஆழமான குழி எறியும்போது காற்றைப் பிடிக்கும், தண்ணீரிலிருந்து தூக்கும்போது மண்வெட்டி மாதிரி தோண்டிக்கொண்டு வரும். கம்புக்கும் கஷ்டம், தோளுக்கும் கஷ்டம், மீனுக்கும் பயம். மிதமான குழி போதும். உருண்டை முனை வைத்த சின்ன அரைக்கும் கருவி இருந்தால் சுலபம், இல்லாவிட்டால் ஒரு கோலிக்குண்டின் மேல் உப்புத்தாளைச் சுற்றி முகத்தில் வைத்துத் திருகினால் அழகான குழி விழும். முள்ளின் காது, அதாவது நரம்பு கட்டும் வளையம், முகத்தின் கீழ்விளிம்பை ஒட்டி வெளியே வர வேண்டும். காது நடு முகத்தில் இருந்தால் இழுக்கும்போது மூக்கு கீழே போய் முங்கும், கீழே இருந்தால் மேலே ஏறித் துப்பும். முகத்தை நேராக வெட்டாமல் மேல்விளிம்பு சற்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி சாய்த்து வெட்டினால் சத்தம் இன்னும் கனமாக வருகிறது என்பது என் அனுபவம்.

தண்ணீரில் சும்மா விட்டுப் பாருங்கள், வாளித் தண்ணீர் போதும். வால்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, முகம் மேலே நிமிர்ந்து, சாய்ந்தபடி நிற்க வேண்டும். முள்முனை நன்றாகத் தண்ணீருக்குள் தொங்க வேண்டும். தட்டையாகப் படுத்திருந்தால் மீன் வாயை வைக்கும்போதே பாப்பரைத் தள்ளிவிடும். அப்படிப் படுத்தால் வாலடியில் தண்டின்மேல் நாலு சுற்று மெல்லிய கம்பி சுற்றினால் சரியாகிவிடும். இந்த வாளிச் சோதனையைச் சாயம் அடிப்பதற்கு முன்னால் செய்யுங்கள், அப்போதுதான் இழைத்துத் திருத்த மனசு வரும். சாயம் அடித்து முடித்த பாப்பரில் கத்தி வைக்க யாருக்கும் கை வராது.

இப்போது உங்கள் கட்டுரையாளருக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், நிறம். மீன் கீழே நின்று மேலே பார்க்கும்போது வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும். ஒளி தண்ணீரில் வளைவதால் வரும் விளைவு இது. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் மேற்பரப்பில் இரண்டேகால் மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். மேலே ஏறி வர வர வட்டமும் சுருங்கும். வட்டத்துக்கு வெளியே மேற்பரப்பு ஒரு கண்ணாடி, குளத்தின் அடித்தரைதான் அதில் பிரதிபலிக்கும். பாப்பர் அந்த வட்டத்துக்குள் இருந்தால் வெளிச்ச வானத்துக்கு எதிரே கறுப்பு உருவமாகத் தெரியும். வட்டத்துக்கு வெளியே இருந்தால் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் பாகம் மட்டும் தெரியும், அதாவது வயிற்றின் அடிப்பக்கம், முள், வால், தொங்கும் கால்கள். எப்படிப் பார்த்தாலும் முதுகில் நீங்கள் மணிக்கணக்கில் போட்ட தவளைப் புள்ளிகள் அதன் கண்ணில் படும் வாய்ப்பு ரொம்பக் குறைவு.

இன்னொரு சுவாரசியமான தகவல். பாஸ் வகைகளில் ஒன்றான லார்ஜ்மவுத் பாஸின் நிறப் பார்வையைப் பற்றி அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அந்த மீனின் கண்ணில் நிறம் உணரும் கூம்பு அணுக்கள் இரண்டே வகை, ஒன்று பச்சைக்கு, இன்னொன்று சிவப்புக்கு. சோதித்த மீன்கள் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தன, ஆனால் பச்சை கலந்த பளீர் மஞ்சளை வெள்ளையிலிருந்தும், நீலத்தைக் கறுப்பிலிருந்தும் பிரித்தறியத் திணறின. இதைப் படித்துவிட்டு என் பெட்டியில் இருந்த நீலக் குப்பிகளைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் நீலம் அடிப்பதை நான் நிறுத்தவில்லை. முதுகுச் சாயம் நமக்காக, அதில் தப்பே இல்லை, யாருக்காக அடிக்கிறோம் என்று தெரிந்து அடித்தால் சரி.

முதுகு நமக்கு என்றால் அதை நமக்கு உபயோகப்படும்படி அடிக்கலாமே! அந்தி நேரத்தில், நிழல் விழுந்த தண்ணீரில், தூரத்தில் விழுந்த கரும்பச்சைப் பாப்பர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தலையின் உச்சியில் ஒரு பெரிய வெள்ளை அல்லது ஆரஞ்சுப் பொட்டு வைத்தால் கண்டுபிடித்துவிடலாம், கீழே நிற்கும் மீனுக்கு அது தெரியாது. வயிற்றுக்கு மட்டும் யோசித்து நிறம் கொடுங்கள். பகல் வெளிச்சத்துக்கு வெள்ளை, வெளிர்மஞ்சள், தவளை வயிற்றின் பழுப்பு வெள்ளை. இருட்டுகிற நேரத்துக்கும் இரவுக்கும் முழுக் கறுப்பு, ஏனென்றால் வானத்துக்கு எதிரே உருவம் அழுத்தமாக விழுவது கறுப்பில்தான். தொண்டைப் பக்கம் கொஞ்சம் சிவப்பு வைப்பது பழைய வழக்கம், பாஸுக்குச் சிவப்பு தெரியும் என்பதால் அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

அடிக்கும் முறையில் கட்டுரையில் விட்டுப்போன சில விஷயங்கள். முதலில் தக்கைக்கு ஒரு அடைப்புப் பூச்சு, இல்லாவிட்டால் தக்கை சாயத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் வெள்ளை, இரண்டு மெல்லிய பூச்சு. மேலே வரும் எந்த நிறமும் வெள்ளைக்கு மேல்தான் பளிச்சென்று எழும், மஞ்சளையும் ஆரஞ்சையும் நேராகப் பழுப்புத் தக்கையில் அடித்தால் சேறு மாதிரி இருக்கும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயமே போதும், வாடையும் இல்லை, கழுவுவதும் சுலபம். ஒவ்வொரு பூச்சும் காயும்வரை பொறுக்கத்தான் வேண்டும், பாதி ஈரத்தில் அடுத்ததைப் போட்டால் அடியில் இருப்பது கிளம்பிச் சுருங்கிக்கொள்ளும். செதில் போட, கொசுவலைத் துணியை முதுகில் இறுக்கமாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பஞ்சால் ஒற்றியோ தெளிப்பானாலோ வேறு நிறம் கொடுத்துவிட்டு, துணியை இழுக்காமல் நேராகத் தூக்க வேண்டும். இழுத்தால் செதில் எல்லாம் கோடாகிவிடும். தவளைப் புள்ளிக்குப் பெரிய பொட்டு ஒரு நிறம், அது காய்ந்ததும் உள்ளே சின்னப் பொட்டு வேறு நிறம். தூரிகையே வேண்டாம். பென்சிலின் பின்பக்கம், ஆணித்தலை, குண்டூசித் தலை என்று அளவு வாரியாக எடுத்து வைத்துக்கொண்டு சாயத்தில் தொட்டு நேராக ஒற்றினால் வட்டம் கச்சிதமாக விழும். கண்ணும் அப்படியேதான், ஆணித்தலையால் மஞ்சள், காய்ந்தபின் குண்டூசித் தலையால் கறுப்பு. இரண்டு கண்ணும் ஒரே உயரத்தில் வர வேண்டுமானால் முன்பக்கமிருந்து பார்த்துக்கொண்டு வையுங்கள், பக்கவாட்டில் பார்த்து வைத்தால் ஒன்று நெற்றிக்குப் போய்விடும்.

மேல்பூச்சுக்கு எப்பாக்சியோ புறஊதா ஒளியில் இறுகும் பிசினோ. எப்பாக்சி என்றால் இரண்டு பாகமும் சரிசமமாக அளந்து, நிதானமாகக் கலக்க வேண்டும், வேகமாக அடித்துக் கலக்கினால் குமிழி நிறைந்துவிடும். அளவு பிசகினால் நாள் கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். பூசியபின் பாப்பரைச் சும்மா நிறுத்திவைத்தால் எல்லாம் வழிந்து வயிற்றில் சொட்டாகத் திரளும், அதனால்தான் மெதுவாகச் சுழலும் சக்கரத்தில் குத்திவைக்கிறார்கள். சக்கரம் இல்லாதவர்கள் இறுகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்பிக்கொண்டே இருக்கலாம், நல்ல வானொலி நிகழ்ச்சி ஒன்று போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், எப்பாக்சி சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது. நிரந்தர மையில் எழுதும் மார்க்கர் பேனாவால் வரைந்திருந்தால் மேல்பூச்சு அந்த மையைக் கரைத்துப் படரவிட்டுவிடும், முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். நகப்பூச்சு பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் பொதி கட்ட வரும் வெள்ளைத் தெர்மோகோலில் செய்த உடம்பில் அதைத் தடவினால் அதில் இருக்கும் கரைப்பான் உடம்பையே தின்றுவிடும்.

தக்கைதான் வேண்டும் என்று யாரும் அழவேண்டியதில்லை. பழைய ரப்பர் செருப்பின் அடி, அதாவது ஈ.வி.ஏ. என்னும் நுரை ரப்பர், அருமையான பாப்பர் உடம்பு. விளிம்பு தீட்டிய பித்தளைக் குழாயைத் திருகி அழுத்தினால் உருளை உருளையாக வெட்டியெடுக்கலாம், சாயமே இல்லாமல் செருப்பின் நிறமே நிறமாகவும் இருக்கும். தண்ணீர் குடிக்காது, பாறையில் அடித்தாலும் உடையாது. மான் முடிப் பாப்பர் தனி உலகம். அந்த முடியின் உள்ளே காற்றறைகள் இருப்பதால் மிதக்கிறது, நூலை இறுக்கியதும் விரிந்து நிற்கிறது, நெருக்கி நெருக்கிக் கட்டிச் சவர பிளேடால் செதுக்க வேண்டும். மென்மையாக இருப்பதால் மீன் உடனே துப்பாமல் கொஞ்சம் கூடுதல் நேரம் வாயில் வைத்திருக்கும் என்பார்கள், அது நிஜம் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் போகப் போகத் தண்ணீர் குடித்துக் கனக்கும், முதல்முதலாகச் செய்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாலும் காலும் அலங்காரக் கணக்கில் வருவதாகக் கட்டுரை சொன்னது. எனக்கு அது தொழில் கணக்கு. பாப்பரைச் சும்மா விட்டிருக்கும்போது அசைவது அவைதான், மீன் முக்கால்வாசி நேரம் அடிப்பதும் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான். பாஸுக்கு இரண்டு ஜோடிச் சேவல் இறகுகளை வளைவு வெளிப்பக்கம் பார்க்கும்படி கட்டினால் இழுக்கும்போது சேர்ந்தும் விட்டால் விரிந்தும் தவளை உதைக்கிற மாதிரி இருக்கும். இறகு முள்ளின் வளைவில் போய்ச் சுற்றிக்கொள்வதுதான் இதில் தொல்லை, வாலடியில் கெட்டி நைலான் நரம்பால் ஒரு சின்ன வளையம் கட்டினால் ஓரளவு தடுக்கலாம். ரப்பர் கால்களுக்கு ஓட்டையைச் சாயத்துக்கு முன்பே ஊசியால் குத்திவைத்துவிட்டு, மேல்பூச்சு காய்ந்தபின் அதே ஊசியில் ரப்பரைக் கோத்து இழுங்கள். கோக்கும்போது ரப்பரை நீட்டிப் பிடித்தால் மெலிந்து சுலபமாக நுழையும், விட்டதும் தடித்து ஓட்டைக்குள் இறுகிக்கொள்ளும்.

புளூகில் மாதிரிச் சின்ன மீன்களுக்கும் பாஸுக்கும் ஒரே பாப்பரைச் சின்னதும் பெரிதுமாகச் செய்தால் போதும் என்பதும் சரியில்லை. இரண்டும் வட அமெரிக்காவின் நன்னீர் மீன்கள், ஒரே குடும்பம்கூட, ஆனால் வாயைப் பாருங்கள். லார்ஜ்மவுத் பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும், அதற்கு 2/0 முதல் 4 எண் வரை முள் (இவற்றில் 2/0 பெரியது, அப்புறம் எண் கூடக்கூட முள் சின்னது), அரை அங்குலத்துக்கு மேல் தடிமனான உடம்பு, நீளமான வால் எல்லாம் சரி. புளூகில்லுக்கு வாய் ரொம்பச் சின்னது. 8, 10, 12 எண் முள், கால் அங்குலம் தடிமன், அவ்வளவுதான். வாலும் காலும் நீளமாக இருந்தால் அது நுனியைப் பிடித்து இழுத்து விளையாடும், முள் பக்கமே வராது. வால் முள்ளின் வளைவைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீள வேண்டும், கால்களைத் தயங்காமல் கத்தரியுங்கள். முகமும் தட்டையாகவோ இலேசான குழியாகவோ இருந்தால் போதும், பெரிய சத்தத்துக்கு அவை சிதறி ஓடிவிடும். கூர்மூக்கு முன்னால் வரும்படி உடம்பைத் திருப்பி ஒட்டினால் சத்தமே போடாமல் வழுக்கிவரும் வேறொரு வகை கிடைக்கும், அமைதியான தண்ணீரில் அதை மிஞ்ச ஆளில்லை.

எறிவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. புளூகில்லுக்கு 4 அல்லது 5 எண் கம்பு, பாஸுக்கு 8, காற்றில் கனமான தலையைத் தள்ளிக்கொண்டு போக முன்பக்கம் தடித்த ஃபிளை லைன், குட்டையான கெட்டி நரம்பு. விழுந்ததும் எழும் வளையங்கள் அடங்கும்வரை காத்திருந்து, ஒரு வெடுக்கு, மறுபடி காத்திருப்பு. தண்ணீர் சிதறியதைப் பார்த்ததுமே கம்பைத் தூக்காமல், நரம்பில் கனம் தெரிந்தபிறகு கையால் லைனை இழுத்து மாட்டுங்கள். முட்டையிடும் காலத்தில் ஆண் மீன்கள்தான் கூட்டைக் காவல் காக்கின்றன, பாப்பருக்கு ஆவேசமாக வந்து விழுவதும் அவைதான், அதனால் அப்போது பிடித்தால் உடனே விட்டுவிடுவது நல்லது. விடுவது சுலபமாக இருக்க, முனைக்குச் சற்றுப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன எதிர்முள்ளை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். இதை முள்ளை வைஸில், அதாவது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவியில், மாட்டும்போதே, உடம்பு ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அழுத்தும்போது சில முட்கள் உடைவது உண்டு, வெறும் முள் உடைந்தால் கவலை இல்லை, சாயம் எல்லாம் முடித்தபின் உடைந்தால் வயிறெரியும். உங்கள் படத்தில் சிறுவன் ஒருவன் முள்ளை விரலில் பிடித்துக்கொண்டு வர்ணம் அடிக்கிறானே, அவனுக்கு முனையில் ஒரு தக்கைத் துண்டையாவது குத்திக் கொடுத்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று, செய்து முடித்ததை வைக்கும் விதம். ரப்பர் கால்கள் வெயிலிலும் சூட்டிலும் ஒன்றோடொன்று ஒட்டி உருகிப்போகும், காரில் விட்ட பெட்டியைத் திறந்தால் காலெல்லாம் ஒரே உருண்டையாக இருக்கும். மென்பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே அறையில் போட்டால் அவற்றில் இருக்கும் எண்ணெய் சாயத்தைக் கிளப்பிவிடும். மீன் பிடித்துவிட்டு வந்ததும் மூடியைத் திறந்துவைத்து ஈரத்தைக் காயவிட்டு, வால் இறகு மடங்காத அளவுக்கு உயரமான அறையில் தனித்தனியாக வையுங்கள். சாயம் பெயர்ந்த பழைய பாப்பரைத் தூக்கிப் போட வேண்டாம். தக்கைக்குள் தண்ணீர் போகாதபடி பெயர்ந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் எப்பாக்சி தடவினால் போதும், மறுபடி நிறம் அடிக்காமலேயே அது மீன் பிடிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு இணைப்பின் வாசகர்